கடற்கரை ஊரில் பழைய கார்: முதலில் கீழே குனிந்து பாருங்கள்

திருகோணமலையில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கராஜ் வேலை செய்கிறேன். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருபத்தைந்து வயது கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. நகையை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் அவற்றை வாங்குகிறார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகவே வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நிலாவெளியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, எப்.பி. 14 நிசான் சன்னி ஒன்று பார்த்திருக்கிறேன். எஞ்சினில் ஒரு சொட்டு ஒயில் ஒழுக்குக்கூட இல்லை என்கிறார் விற்பவர். புதிதாகப் பெயின்ற் அடித்து அழகாக இருக்கிறது. இது எனது முதல் கார். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பிள்ளை, எஞ்சினைப் பற்றி அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் காரின் ஜீ.ஏ. வகை எஞ்சின் நல்ல உழைப்பாளி. வால்வுகளை இயக்க உள்ளே ஓடுவது பெல்ற் அல்ல, சங்கிலி. காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்ராட் செய்ததும் முன்பக்கத்தில் கரகரவென்று சத்தம் எழுந்து, சில நொடிகளில் அடங்காவிட்டால் சங்கிலி தளர்ந்திருக்கிறது. அது செலவுதான், ஆனால் செய்து முடிக்கக்கூடிய செலவு.

எனக்குக் கவலை தருவது அந்தப் புதிய பெயின்ற். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உப்புக் காற்று இரவு பகலாகத் தகட்டைத் தின்கிறது. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மணல் அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். கறள் உள்ளிருந்து வெளியே வருவதால், மேலே குமிழி தெரியும்போது உள்ளே பாதித் தகடு போய்விட்டிருக்கும்.

ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, பின்சில்லு வளைவு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிப் பசை பூசி மறைத்திருக்கிறார்கள். பிறகு மேலதிகச் சில்லு வைக்கும் குழியின் விரிப்பைத் தூக்குங்கள். முன் பொனற்றைத் திறந்து, சொக் அப்சோபரின் மேல்முனை பூட்டியிருக்கும் இரு மேடைகளையும் கவனியுங்கள். அங்கே வெடிப்போ ஒட்டுத்தகடோ இருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். காரைத் தூக்க ஜக் வைக்கும் இடங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டினால் நல்ல தகடு ‘டங்’ என்னும். கறள் பிடித்தது மந்தமாக ஒலிக்கும். அடிப்பாகத்தில் ஓடும் பிறேக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை இரும்பு. கறள் தின்ற குழாய், அவசரத்தில் பிறேக்கை அழுத்தி மிதிக்கும் நேரத்தில்தான் வெடிக்கும்.

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்றொழிலாளி அப்படியொரு காரை வாங்கினார். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வரும்போது முன்சில்லு உள்நோக்கிச் சாய்ந்துவிட்டது. சில்லைத் தாங்கும் கை பூட்டியிருந்த தகடு கிழிந்திருந்தது. தாரைச் சுரண்டினால் கையோடு உதிர்ந்தது. பின் இருக்கையில் அவருடைய இரண்டு பிள்ளைகள். மெதுவாக வந்ததால் தப்பினார்கள். அந்தக் காரை இழுத்து வந்த நாளிலிருந்து, எஞ்சினைக் கேட்பதற்கு முன் நான் தரையில் படுத்துவிடுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: அண்ணன், என்னுடையது ரொயோட்டா 110 கொரோலா, 2சீ டீசல் எஞ்சின். ஊருக்குள் ஓடும்போது ஒன்றுமில்லை. கண்டிப் பக்கம் ஏற்றத்தில் போனால் சூடு ஏறுகிறது. ரேடியேற்றரை மூன்று தடவை சுத்தம் செய்தாயிற்று.

பதில்: தம்பி, நான்காவது தடவை சுத்தம் செய்ய வேண்டாம். அந்த எஞ்சினுக்குத் தெரிந்த நோய் ஒன்று உண்டு: ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடானால் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே வெடிப்பு விழக்கூடும். வெடிப்பு வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. ஊருக்குள் ஓடும்போது அது சிறிதளவு. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது அதிகம்.

இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்ராட் செய்யாமல் ரேடியேற்றரின் மேல் குழாயை அமுக்கிப் பாருங்கள். இறுகியே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குளிர்ந்த நிலையிலேயே மூடியைத் திறந்து, பிறகு ஸ்ராட் செய்து, சற்று வேகம் கொடுங்கள். குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டுக்கு அடியில் வைக்கும் காஸ்கற் தகடு போயிருக்கிறது. சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள். முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெட்டைக் கழற்றினால் காஸ்கற்றை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய ஹெட் வாங்கினாலும் பூட்டுவதற்கு முன் அதே சோதனை. அந்த வேலையோடு, வால்வுகளை இயக்கும் ரைமிங் பெல்ற்றையும் மாற்றுங்கள். அது ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. இந்த டீசலில் பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

இன்னொன்று, இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? கடலோரக் கிணற்றுத் தண்ணீர் என்றால் ரேடியேற்றருக்குள் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். இனி ரேடியேற்றருக்கென்றே விற்கும் கூலன்ற் திரவம்தான்.

உவர்மலையிலிருந்து ஓர் இளைஞர்: மாமா, மாருதி 800 நல்லதா, அல்ற்றோ 800 நல்லதா? மனைவி, ஐந்து வயது மகன், அம்மா. மாதம் ஒரு தடவை கொழும்புக்குப் போக வேண்டும்.

பதில்: மகனே, ஊருக்குள் என்றால் இரண்டும் சரி. இரண்டும் 796 சீ.சீ., மூன்று சிலிண்டர், உதிரிப்பாகம் மலிவு. மாருதியில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரில் தொந்தரவு, கியர் தடி தளர்வு, பற்றரித் தட்டின் கீழே கறள், ரேடியேற்றர் விசிறி சுழலாமல் சூடேறுவது ஆகியவை வரும். எல்லாமே சிறிய செலவுகள்.

கொழும்புப் பயணத்துக்கு மட்டும் என் மனம் ஒப்பவில்லை. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கெப் அமைப்பு 2014இல் செய்த மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத அல்ற்றோ 800 பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. மாருதி 800 அதைவிடப் பழைய வடிவமைப்பு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை நிற்கும், எதிரே லொறி வரும். ஊருக்குக் காரை வாங்குங்கள். கொழும்புக்கு ரயிலில் கூட்டிச் செல்லுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: பழைய நிசான் மார்ச், கே11, ஓட்டோ கியர். புறப்படும்போது குலுங்குகிறது. விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஓட்டோக்கள் பலவற்றில் இருப்பது இரும்புத்தூளும் மின்காந்தமும் கொண்டு இயங்கும் கிளட்ச். தேய்ந்தால் குலுங்கும், பிறகு நின்றுவிடும். அதே காரில் கைக்கியர் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

மூதூரிலிருந்து: இரண்டாம் தலைமுறை பிரியஸ், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். ‘பற்றரி செய்து கொடுத்திருக்கிறோம்’ என்கிறார்கள்.

பதில்: என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பற்றரியில் 28 தொகுதிகள். பழுதான ஒன்றிரண்டை மட்டும் மாற்றியிருந்தால் மற்றவையும் அதே வயதுதான். அடுத்தது எப்போது விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். திரையில் பற்றரி அளவு சட்டென்று விழுந்து சட்டென்று ஏறினால் திரும்பி வந்துவிடுங்கள். பின் இருக்கை ஓரத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் வாய் இருக்கிறது. அது தூசியால் அடைபட்டிருந்தால், அந்தப் பற்றரி நீண்ட காலம் சூட்டில் வெந்திருக்கிறது.

லிங்கநகரிலிருந்து: 1998ஆம் ஆண்டுக் கார், மீற்றரில் 68,000 கிலோமீற்றர். நம்பலாமா?

பதில்: பிறேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் நம்பாதீர்கள்.

நிலாவெளி ஆசிரியை மீண்டும்: ஐயா, காந்தம் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கதவுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு ஒட்டவில்லை. சொன்னதும் உடனே விலையைக் குறைத்தார். பதிவுச் சான்றிதழில் வேறொருவருடைய பெயர் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம் தன்னிடம் உண்டு என்கிறார்.

பதில்: பிள்ளை, குறைத்த காசு அந்தத் தகட்டை வெட்டி ஒட்டவே போதாது. பெயர் விடயம் அதைவிடப் பெரியது. கையெழுத்திட்டவர் யார், உயிரோடு இருக்கிறாரா, சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் நிற்கிறதா என்பது தெரியாமல் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்காதீர்கள். இந்தக் காரை விட்டுவிடுங்கள். அடுத்ததைப் பார்க்கப் போகும்போது எனக்கும் ஒரு சொல் சொல்லுங்கள், காலையிலேயே வருகிறேன். நாங்கள் வந்து சேரும்வரை எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் வைத்திருக்குமாறு விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.