அடக்க ஆராதனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எங்கள் சபைப் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். முதல் உலகப் போரில், 1914 கிறிஸ்துமஸ் அன்று ஜெர்மன் சிப்பாய்களும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கிய சம்பவம்தான் கரு. பனி கொட்டுகிறது, பாட்டுப் பாடுகிறார்கள், சிகரெட் மாற்றிக்கொள்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். கடைசியில் நாயகன் துப்பாக்கியை வீசியெறிந்துவிட்டு முழங்காலில் நிற்கிறான். மலர்க்குழுவினர் ஏசாயா 2:4 வசனத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள். இப்போதே பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்கிறாள் என் தோழி. கிறிஸ்தவச் சிறுகதையில் வசனம் எவ்வளவு வரலாம்? ஐரோப்பியப் போரைப் பற்றி நான் எழுதுவது பொருந்துமா? கதையை இணைத்திருக்கிறேன்.

உங்கள் வாசகி,
பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். டிசம்பர் வந்தால் நம் சபை மலர்களில் ஒரு போர்க்கதையாவது வந்துவிடும். எல்லாக் கதைகளிலும் மூன்றாம் பக்கத்தில் சமாதானம் வானத்திலிருந்து இறங்கிவிடும். அதற்காக யாரும் குனிந்து ஒரு வேலை செய்வதாக நான் படித்ததில்லை.

உங்களுக்கு எழுத வருகிறது. உங்கள் நாயகன் நனைந்த காலுறையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றுச் சூட்டில் காயவைக்கிறானே, அந்த நாலு வரி அசல். அதை எழுதிய கை அடுத்த பக்கத்திலேயே இவ்வளவு சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறது என்பதில்தான் எனக்குக் கோபம்.

ஐரோப்பியப் போர் என்ற தயக்கம் வேண்டாம். அந்தக் குளிரில் நம் நாட்டுச் சிப்பாய்களும் கிடந்தார்கள். கார்வால் ரைபிள்ஸ் படையினர் அன்று எதிர்ப்பக்கத்து ஜெர்மானியரோடு நடுநிலத்தில் நின்று பேசியிருக்கிறார்கள். வசனக் கணக்கையும் இப்போதைக்கு விடுங்கள்.

எனக்கு வேண்டியது ஒரே பதில்தான். உங்கள் கதையில் பிணங்கள் எங்கே?

இரண்டு பதுங்குகுழிகளுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு மைதானத்தைக் காட்டுகிறீர்கள். அன்று அங்கே பனிக்கொட்டல் இல்லை. பல நாள் மழை விட்டு நிலம் உறைந்து இறுகிப்போயிருந்தது. அந்த நிலத்தில் ஆட்கள் கிடந்தார்கள். டிசம்பர் 18ஆம் தேதித் தாக்குதலில் விழுந்தவர்களை ஒரு வாரமாக எடுக்க முடியவில்லை. தலையைத் தூக்கினால் சுடுவார்கள். கூடப் படுத்தவன், கூடச் சாப்பிட்டவன் கண்ணெதிரே முள்கம்பியில் கிடக்கிறான், போய்த் தூக்க வழியில்லை. பாட்டும் சிகரெட்டும் நடந்ததுதான். பந்து உருண்டதாகவும் சில கடிதங்கள் சொல்கின்றன. ஆனால் பல இடங்களில் அந்த ஜனங்களை மேலே ஏறி வரவைத்தது, கிடப்பவர்களை எடுத்து அடக்கம் பண்ண வேண்டும் என்ற தவிப்பு. ஜெர்மானியர்கள் தங்கள் கம்பிவேலியோரம் கிடந்த பிரிட்டிஷ் உடல்களை நடுவரைக்கும் சுமந்துவந்து கொடுத்தார்கள். பிரான்சில் ஃப்ளூர்பே என்ற ஊர்ப் பக்கம் இரண்டு படையும் சேர்ந்தே அடக்க ஆராதனை நடத்தின. பிரிட்டிஷ் பக்கத்து கார்டன் ஹைலாண்டர்ஸ் படையின் போதகர் எஸ்ஸில்மாண்ட் ஆடம்ஸ் 23ஆம் சங்கீதத்தை ஆங்கிலத்தில் வாசிக்க, இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் இளைஞன் தன் பாஷையில் வாசித்தான்.

இதை விட்டுவிட்டுப் பந்தை வைத்துக்கொண்டீர்களே! உங்கள் நாயகன் ஜெர்மானியனோடு கைகுலுக்கினால் அது ஒரு நொடி. செத்தவன் ஒருவனை இவன் தோளிலும் அவன் காலிலும் பிடித்துத் தூக்கும்போது இரண்டு பேரும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். ஒருவன் வழுக்கினால் மற்றவன் நிற்க வேண்டும். வாய் திறக்காமலே பத்து நிமிஷத்தில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வார்கள். கதை அங்கேதான் இருக்கிறது. அதை எழுதுங்கள்.

என் தாத்தா ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதினார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டான். கிறிஸ்துமஸ் அன்றும் வந்து போட்டான். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். தாத்தா எல்லையோரத்துத் தமு ஊர் வழியாக மணிப்பூருக்கு நடந்தவர்களில் ஒருவர். வழியெல்லாம் காலராவிலும் பசியிலும் செத்துக் கிடந்தார்கள். "முதல்ல பாத்ததை எல்லாம் தாண்டித்தாம்ல வந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல" என்பார். ஒரு இடத்தில் ஒரு பெண்பிள்ளை, தெலுங்குக்காரியாக இருக்கலாம், மரத்தடியில் சாய்ந்தபடியே செத்திருந்தாள். ஏன் அவளிடம் மட்டும் நின்றார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கையில் ஒரு இனாமல் குவளை இருந்தது. அதை வைத்தே மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போட்டு, மேலே கல்லும் இலையும் வைத்து மூடினார். அவள் என்ன ஜாதி, என்ன வேதம் என்று தெரியாது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று சங்கீதத்தை முழுக்கச் சொல்லியிருக்கிறார். கூட வந்தவர்கள் அதற்குள் வெகுதூரம் போய்விட்டார்கள். "அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்குனேன்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் சொன்னதில்லை. அந்தக் குவளையின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு உரிந்து கறுப்பாகப் பல் பல்லாக இருக்கும். சின்ன வயதில் அதில் விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உங்கள் முடிவு. துப்பாக்கியை வீசியெறிந்தான் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சில இடங்களில் மறுநாளே, சில இடங்களில் சில நாள் கழித்து, அதே ஆட்கள் அதே ஆட்களைச் சுட்டார்கள். 1915 கிறிஸ்துமஸில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படையின் கேப்டன் இயன் கஹூன் செத்தவர்களைப் புதைக்கக் கொஞ்ச நேரம் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நம் ஆட்களுக்கு ஒரு பயம். சமாதானம் ஒரு நாளோடு முடிந்துபோனது என்று எழுதினால் கர்த்தர் தோற்றதாக ஆகிவிடுமோ என்று. சிலுவையை நடுவில் வைத்திருக்கிற மதத்துக்கு இந்தப் பயம் எதற்கு? கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்த சீஷர்களிடம் வந்து "உங்களுக்குச் சமாதானம்" என்றவர், அடுத்து செய்தது என்ன? கையையும் விலாவையும் காட்டினார். யோவான் 20ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். காயத்தை மூடிவைத்துக்கொண்டு அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நீங்களும் மூடாதீர்கள்.

மலர்க்குழு கேட்கிற ஏசாயா வசனத்தில் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று வருகிறது. கதைக்கு மேலே அதை எழுதிவைக்க வேண்டாம். மண்வெட்டியை உங்கள் சிப்பாயின் கையில் கொடுங்கள். உறைந்த மண்ணை அவன் கொத்தட்டும். 23ஆம் சங்கீதம் அங்கே வாசிக்கப்பட்டது, அதனால் அது கதைக்குள் வரலாம், முழுசாகவே வரலாம். தோழி பிரசங்கம் என்று சொல்ல மாட்டாள்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். காலுறையைத் தொடாதீர்கள். முடிவில் அவன் தன் குழிக்குத் திரும்பி இறங்க வேண்டும், துப்பாக்கி வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். திருத்தி எழுதி எனக்கு அனுப்புங்கள். கிறிஸ்துமஸ் மலருக்குப் பிந்திவிடும் என்றால் பிந்தட்டும், ஈஸ்டர் மலரில் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்