ரிட்டயர் ஆனால் ஆளே மாறிவிடுவார்களா?

கேள்வி: "எங்க வீட்டுக்காரர் 32 வருஷம் பஸ் டிப்போ வேலை. டைம்கீப்பரா இருந்து போன வைகாசியில ரிட்டயர் ஆனாவ. வீட்ல அதிர்ந்து பேசாத மனுஷன், இப்ப எதுக்கெடுத்தாலும் ஏசுதாவ. குக்கர் விசிலை எண்ணுதாவ. பால்காரர் வந்த நேரத்தை 5.50, 6.05னு காலண்டர் தாள்ல எழுதி வைக்காவ. ஆளே மாறிட்டாவ. இனிமே இப்படியேதானா?" (ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி)

அம்மா, உங்கள் கடிதத்தில் அந்தக் காலண்டர் தாளில்தான் என் கண் நின்றது. அவர் மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று 32 வருஷம் குறித்த அதே கை. கறார் அவருடைய பிறவிக் குணம். அதற்குப் பஸ் ஸ்டாண்டில் வேலையும் இருந்தது, மரியாதையும் இருந்தது. எல்லாம் அங்கேயே செலவாகிவிட, உங்கள் வீட்டுக்கு வந்தது அசதியான, சாந்தமான மனிதர். உங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குத்தானே போகும்? இப்போது அடுத்த மடை உங்கள் அடுப்படி.

குணம் மாறவே மாறாதா என்றால், மாறும், ஆனால் மெதுவாக. பள்ளிக்கூடத்தில் உயர வரிசையில் நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வளர்வார்கள், வரிசை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குணமும் ஏறக்குறைய அப்படித்தான். 152 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2000இல் சொன்னது இது: வயது ஏற ஏற அந்த வரிசை கெட்டிப்படுகிறது, 50க்கு மேல் இன்னும் உறுதியாகிறது. 60 வயதில் சில மாதங்களில் ஒருவருடைய குணம் தலைகீழாவது அபூர்வம். ஆனால் மன அழுத்தம் ஏறும். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். 100க்குக் கல்யாணத்துக்கு 50, ஓய்வு பெறுவதற்கு 45. நல்ல காரியம் என்று நாம் நினைப்பதும் மனதுக்குப் பாரம்தான்.

சரி, என்ன செய்யலாம்? "நீங்க மாறிட்டீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை போன மனிதருக்கு அது "இனி நீங்க வேண்டாம்" என்று கேட்கும். அவருடைய கறாருக்கு வேறு வேலை கொடுங்கள். பால், கரண்ட் பில், கேஸ், பேங்க் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் போட்டு முழுசாக அவரிடம் விடுங்கள். கோயில் கொடை வரவு செலவு பார்க்க ஊரில் நாணயமான ஆளைத் தேடுவார்கள், கேட்டுப் பாருங்கள். அப்புறம், ஏசாத நேரமாகப் பார்த்து, "அடுப்படி என் பொறுப்பு, கணக்கு உங்க பொறுப்பு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எல்லை தெரிந்தால் கறாரானவர்கள் அதை மதிப்பார்கள். நான் திரும்பத் திரும்பக் கண்டது இது.

கோபத்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றினால் அதற்கும் வழி உண்டு. ஹட்சன், ஃப்ரேலி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2015இல் கல்லூரி மாணவர்களை 16 வாரம் கவனித்தார்கள். மாற விரும்பியவர்கள் கொஞ்சம் மாறினார்கள். "நல்லவனாக இருப்பேன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சோறு தாமதமானால் திண்ணைக்குப் போய்விடுவேன்" என்பது போன்ற திட்டம்தான் உதவும். ஆனால் அந்த ஆசை அவருக்குள்ளிருந்து வர வேண்டும், நீங்கள் வாங்கிக் கொடுக்க முடியாது.

ஒன்றில் மட்டும் அசட்டை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் நாட்டமில்லை, குடி கூடுகிறது, பெயர்கள் மறக்கிறது, கூச்சமில்லாமல் அந்நியரிடம் கண்டபடி பேசுகிறார் என்றால் அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள், நோயாக இருக்கலாம். தைராய்டும் பி12 குறைவும்கூட மனநிலையைக் குலைக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

உங்களுக்கும் இது பெரிய மாற்றம்தான் அம்மா. 32 வருஷம் பகல் முழுக்க உங்களுடையதாக இருந்த வீடு அது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை உங்கள் நேரம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். நடுவில் டீ கேட்டால், "ஃப்ளாஸ்கில் இருக்கு" என்று சொன்னால் போதும்.