மானுக்கு எத்தனை கிரெய்ன்? சன்னத்தின் எடை பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேட்டவர்கள் கொழும்புக்காரர், சுடப்போவது எல்லோரும் வெளிநாட்டில். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மானையோ மரையையோ சுட்டால் மறியலுக்கும் போகலாம். கீழே சொல்லும் எடை எல்லாம் குழலை விட்டுப் போகும் சன்னத்தின் எடை, முழுத் தோட்டாவினது அல்ல. 7000 கிரெய்ன் ஒரு இறாத்தல். 150 கிரெய்ன் என்றால் 9.7 கிராம். 223, 243, 308 என்ற இலக்கங்கள் குழலின் விட்டம், ஏறக்குறைய அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.

வெள்ளவத்தை: ஐயா, மெல்பேர்ணில அண்ணாவோட வேட்டைக்குப் போறன். அவரிட்ட 308 வின்செஸ்டர். 150, 165, 180 மூண்டும் கடையில இருக்காம். எது நல்லம்?

எந்த மானுக்கு என்று சொல்லவில்லையே தம்பி. விக்டோரியாவில் சட்டமே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. ஃபெலோ மானுக்குக் குறைந்தது 243 குழலும் 80 கிரெய்னும். மரைக்குக் குறைந்தது 270 குழலும் 130 கிரெய்னும். உங்கள் 308 இரண்டுக்கும் தேறும். ஃபெலோ என்றால் 150 தாராளம். மரைக் கடா 200 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பும் தடிப்பு. அதற்கு 165 அல்லது 180.

பெட்டியில் உள்ள கணக்கைப் பாருங்கள். 150 விநாடிக்கு ஏறக்குறைய 2820 அடி வேகத்தில் கிளம்பும், 180 ஏறக்குறைய 2620 அடியில். குழல் வாயில் சக்தி 3590 ஜூல், 3720 ஜூல். வித்தியாசம் நூற்றுக்கு நாலுகூட இல்லை. 100 மீற்றரில் சீரோ பிடித்தால் (ஸ்கோப்பின் குறியும் சன்னம் விழும் இடமும் ஒன்றாகத் திருகி வைத்தால்) 200 மீற்றரில் ஒன்றுக்கொன்று இரண்டு, மூன்று சென்றிமீற்றர்தான் விலகும். ஆகவே "எது தூரம் போகும்" என்று மண்டையைக் குழப்ப வேண்டாம். இரண்டு மானையும் காணக்கூடிய இடம் என்றால் 165ஐ வாங்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை: குயின்ஸ்லாந்தில புள்ளிமான். நண்பன் 243 தாறான், 58 கிரெய்ன் பெட்டியும் இருக்காம். காணுமா?

காணாது. அது நரிக்கும் முயலுக்கும் செய்த சன்னம். தோல் மெல்லிய பிராணியில் பட்ட உடனே சிதறவேண்டும் என்பதுதான் அதன் வடிவம். புள்ளிமானின் தோளில் பட்டால் மேலேயே பெரிய காயம் போட்டுவிட்டு நுரையீரலுக்குப் போகாது. மான் ஓடிப்போய் இரண்டு நாள் வதைபட்டுச் சாகும். 243க்கு 95 அல்லது 100 கிரெய்ன் வாங்குங்கள். ஈயமில்லாத முழுச் செம்புச் சன்னம் என்றால் 80, 85 போதும்.

தெஹிவளை: பாரம் கூடினா பலமும் கூடத்தானே? பிறகேன் எல்லாரும் 180ஐ எடுக்கிறதில்லை?

எடையை மட்டும் பார்ப்பவர்கள் தடுக்கிவிழும் இடம் இதுதான். சன்னம் மானுக்குள் போய் மூக்கு விரியவேண்டும். விரிந்தால்தான் அகலமான வழி திறக்கும். விரிய வேகம் வேண்டும். சாதாரணமாக விநாடிக்கு 1800 அடிக்குக் கீழே போனால் பல சன்னங்கள் ஒழுங்காக விரியாது. சில செம்புச் சன்னங்களுக்கு 2000 அடி வேண்டும். பெரிய மிருகத்துக்கென்று இறுக்கமாகச் செய்த 180ஐ மெல்லிய மானின் விலாவுக்குள் விட்டால், பென்சில் போன துளை மாதிரி மறுபக்கம் வெளியேறிவிடும். இரத்தத் தடமும் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும்.

அதனால் முதலில் கட்டமைப்பைத் தீர்மானியுங்கள், எடை பிறகு. மூக்கில் ஈயம் தெரியும் சாதாரணச் சன்னம் கெதியாக விரியும், எடையிலும் நிறைய இழக்கும். அதனால் அதில் நடு எடை அல்லது ஒரு படி மேல். ஈயமும் செம்புறையும் ஒட்டியிருப்பதில் நடு எடை போதும். முழுச் செம்பு ஏறக்குறைய முழு எடையோடும் ஊடுருவும், ஆகவே ஒரு படி இறங்குங்கள்: 308இல் 165 நினைத்தவர் 150 அல்லது 130. இறங்கினால் வேகம் கூடும், வேகம் கூடினால் செம்பு விரியும்.

பாரம் கூடினால் தோளில் உதையும் கூடும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிற 180ஐவிட அமைதியாகச் சுடுகிற 150 மேல்.

மருதானை: நானா, மச்சான்ட பழைய 223இல 77 கிரெய்ன் போட்டா பேப்பரில ஓட்டை வட்டமா இல்லாம நீளமா விழுது. துவக்குப் பழுதா?

துவக்கில் பழுதில்லை. சன்னம் சுழல்வது காணாமல் குப்புறப் புரண்டு பக்கவாட்டில் விழுகிறது. பழைய 223கள் பலவற்றில் உட்புரி, அதாவது சன்னத்தைச் சுழற்றும் குழலின் உட்பள்ளம், 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 55 கிரெய்ன் மட்டில்தான் தாங்கும். 77க்கு 8 அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். உண்மையில் பார்க்கவேண்டியது நீளத்தை. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதே எடைக்கு நீளமாக இருக்கும். ஈயத்தில் நேராகப் போகிற எடை செம்பில் புரளலாம்.

அளந்து பார்ப்பது இலகு. துவக்கு வெறுமை என்று உறுதிசெய்து போல்ட்டைக் கழற்றுங்கள். கைபிடி சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம் ஒரு புள்ளி, குழல் வாயோடு ஒரு கோடு. புள்ளி ஒரு முழுச்சுற்று வரும்வரை தள்ளி மறுகோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடைத்தூரம்தான் உங்கள் புரி.

இன்னொன்று: 223ஐ விக்டோரியாவில் மானுக்குக் கொண்டுபோக ஏலாது.

பம்பலப்பிட்டி: 150இல சீரோ பிடிச்ச ஸ்கோப். 180 வாங்கினா திரும்பப் பிடிக்கோணுமோ?

கட்டாயம். எடை மாறாமல் கம்பனி மாறினாலும் பிடிக்கவேண்டும். ஒரே தொகுதி இலக்கமுள்ள பெட்டிகள் மூன்றை ஒன்றாக வாங்குங்கள். முதலில் 25 மீற்றரில் பேப்பரில் விழுகிறதா பாருங்கள், பிறகு 100 மீற்றரில் மூன்று மூன்றாகச் சுடுங்கள். இடையில் குழல் ஆறவேண்டும். சூட்டில் மூன்று ஓட்டைகளும் விலகி விழுந்ததை ஸ்கோப்பின் பிழை என்று நினைத்துத் திருகினால் முடிவே வராது. ஒரு வெடியைப் பார்த்துத் திருகாதீர்கள், மூன்றின் நடுவைப் பாருங்கள். கிளிக்குக்குக் கால் நிமிடக் கோணம் திரும்பும் ஸ்கோப் என்றால் ஒரு கிளிக் 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர்.

வீட்டில் தோட்டா நிரப்புபவர்களுக்கு: 150க்கான வெடிமருந்தளவை 180க்குப் போடவே கூடாது, அழுத்தம் ஏறிவிடும்.

வத்தளை: கனடாவில சித்தப்பாட்ட 30-30 லீவர் துவக்கு. கூர்மூக்குச் சன்னம் போடலாமோ?

குழாய் மகசீன், அதாவது தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் கிடப்பது என்றால் வேண்டாம். ஒன்றின் மூக்கு முன்னுள்ளதன் பிரைமரில் (அடியிலுள்ள தீப்பற்றும் மூடியில்) குத்திக்கொண்டிருக்கும். உதையில் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்கு 150 அல்லது 170. மூக்கில் மென்மையான றப்பர் வைத்து இந்தத் துவக்குக்கென்றே செய்வதும் இருக்கிறது, அது பரவாயில்லை.

கொள்ளுப்பிட்டி: இறைச்சியில ஈயம் கிடக்குமோ?

கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் போகும். இலேசான, வேகமான ஈயச் சன்னம் எலும்பில் பட்டால் இன்னும் மோசம். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், இரத்தம் கட்டிய இறைச்சியை அரைக்கப் போடாதீர்கள். வீட்டில் சின்னப்பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் முழுச் செம்புக்கு மாறுவதுதான் சரி. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே தடை.