7 அயர்ன் வலது பக்கம் வளைகிறதா? மணிக்கட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வயது 46, வலது கை கோல்ஃப் ஆட்டக்காரன். 7 அயர்ன் கிளப்பால் (இரும்புத் தலை மட்டை) அடித்தால் பந்து உயரமாக எழும்பி, வலது பக்கம் வளைந்து, தூரமில்லாமல் விழுகிறது. மொபைலில் எடுத்துப் பார்த்தால், பந்தை அடிக்கும் நேரத்தில் என் இடது மணிக்கட்டு பின்னால் மடிகிறது. அடித்து முடித்ததும் இடது முழங்கை வெளிப்பக்கம் மடங்கி நிற்கிறது. 'லேக்கைப் பிடித்து வை', அதாவது கிளப் தலை கைகளுக்குப் பின்தங்கியே வரட்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் பந்து இன்னும் வலது பக்கம் போகிறது. எதை முதலில் திருத்துவது?

பதில்: கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை. மணிக்கட்டும் முழங்கையும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

உங்கள் வீடியோவில் தெரியும் இரண்டு கோளாறுகளும் வேறொன்றைச் சமாளிக்க உடம்பு செய்யும் வேலை. கிளப் கீழே இறங்கும்போதே அதன் முகம், அதாவது பந்தைத் தொடும் பக்கம், வலது பக்கம் திறந்திருக்கிறது. அப்படியே அடித்தால் பந்து எங்கே போகும் என்று கைகளுக்குத் தெரியும். அதனால் கடைசி நேரத்தில் கிளப் தலையை முன்னால் வீசி, முகத்தை மூடப் பார்க்கின்றன. இந்த வீச்சில்தான் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிகிறது. 7 அயர்னின் முகச் சாய்வு பொதுவாக 30 டிகிரியை ஒட்டியிருக்கும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பின்னால் சாயும்போது அந்தச் சாய்வு இன்னும் கூடிவிடுகிறது. பந்து உயரமாகவும் தூரமில்லாமலும் போவது அதனால்தான். முழங்கையின் கதையும் இதுவே: கிளப் தலையை முன்கூட்டியே வீசினால், கிளப் போகும் வளைவின் அடிப்புள்ளி (மிகத் தாழ்ந்த இடம்) பந்துக்குப் பின்னால் வந்துவிடும். தரையில் குத்தாமலிருக்க, இடது முழங்கை மடங்கி கிளப்பை மேலே இழுக்கிறது. இந்த மடக்கலுக்குத்தான் 'சிக்கன் விங்' என்று பெயர்.

டவுன்ஸ்விங், அதாவது உச்சியிலிருந்து கிளப் பந்துக்கு இறங்குவது, முழுவதும் ஏறக்குறைய கால் நொடி. பந்தும் கிளப்பும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடத்தில் மணிக்கட்டை நிமிர்த்து என்று யார் சொன்னாலும், நினைத்துச் செய்ய அவகாசமே கிடையாது. திருத்தம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

மணிக்கட்டின் இரண்டு அசைவுகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கட்டைவிரல் பக்கமாக மேலே மடிந்து, மறுபடி கீழே இறங்குவது ஒன்று. வேகத்தில் பெரும்பங்கு இதில் இருக்கிறது. புறங்கைப் பக்கமோ உள்ளங்கைப் பக்கமோ மடிவது இன்னொன்று. முகத்தைத் திறப்பதும் மூடுவதும் இதுதான். இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்தால் முகம் திறக்கும், உள்ளங்கைப் பக்கம் மடிந்தால் மூடும். 'லேக்' என்று வீடியோக்களில் சொல்வது முதல் அசைவைப் பற்றியது. உங்கள் சிக்கல் இருப்பது இரண்டாவதில். முகம் திறந்திருக்கும்போது லேக்கை வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்தால், அது மூடுவதற்கு இருந்த கொஞ்ச நேரமும் போய்விடும். பந்து இன்னும் வலது பக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை.

பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து அப்படியே செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. பென் ஹோகன் 1955-ல் லைஃப் இதழில் தன் ரகசியத்தை வெளியிட்டார்: கிரிப்பில் இடது கையை இடது பக்கம் திருப்பி, பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்குவதன்) உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் கொஞ்சம் மடிப்பது. அவரைத் துரத்தியது ஹுக், அதாவது இடது பக்கம் வளையும் பந்து. அதை அடக்கக் கண்டுபிடித்த வழி அது. ஸ்லைஸ், அதாவது உங்களைப்போல வலது பக்கம் வளையும் பந்து அடிப்பவர் அதைச் செய்தால் நோய் முற்றும். டஸ்டின் ஜான்சனோ நேர் எதிர். உச்சியில் அவருடைய இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் நன்றாக மடிந்திருக்கும். அந்த ஸ்விங்கோடுதான் 2020 மாஸ்டர்ஸ் போட்டியில் மொத்தம் 268 அடிகள் என்ற சாதனை எண்ணிக்கையில் வென்றார். ஆனால் முகம் அவ்வளவு மூடியிருக்க, பந்தை நேராக அனுப்ப அவர் இடுப்பையும் மார்பையும் மிக வேகமாகத் திருப்புகிறார். 46 வயதில், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் உடம்பில் அது வருவது கஷ்டம். உங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் போதும்.

சரி, கிரிப்புக்கு வருவோம். கிளப் உங்கள் இடது உள்ளங்கையின் நடுவில் கிடக்கிறதா, விரல்களின் அடியில் கிடக்கிறதா? உள்ளங்கையில் பிடித்தால் மணிக்கட்டு மேலே மடிய இடமிருக்காது, வேகமும் போகும். விரல்களில் பிடியுங்கள். பிடித்தபின் மேலிருந்து பார்த்தால் இடது கையின் இரண்டரை, மூன்று முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையை வலது பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கோடு வலது தோளை நோக்கட்டும். முதலில் சங்கடமாக இருக்கும், பந்து இடது பக்கம்கூடப் போகும். பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள். என் அனுபவத்தில் ஸ்லைஸ் அடிப்பவர்களில் பலருக்குப் பாதி வேலை இங்கேயே முடிகிறது.

அடுத்தது உச்சி. பேக்ஸ்விங்கின் உச்சியில் நிறுத்தி, கிளப் முகத்தைப் பாருங்கள். முகம் இடது முன்கைக்கு இணையாக இருந்தால் நல்லது. கிளப் தலையின் நுனி நேராகத் தரையை நோக்கித் தொங்கினால் முகம் திறந்திருக்கிறது. இறங்கத் தொடங்கும்போது இடது கை முட்டிகளைத் தரையை நோக்கிக் கொஞ்சம் திருப்புவதுபோல நினையுங்கள். மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வரும், முகம் மூடும். இதை வேகமாகச் செய்ய வேண்டாம். கைகள் இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை மட்டும் போகும் சின்ன ஸ்விங்கில் பழகுங்கள். பந்து தாழ்வாகக் கிளம்பி, வலது பக்கம் வளையாமல் போனால் சரியாகச் செய்கிறீர்கள்.

வலது கைக்கு ஒரு உணர்வு சொல்கிறேன். குளத்துத் தண்ணீரின்மேல் ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போக எறிந்திருப்பீர்கள். முழங்கை முன்னால் வரும், மணிக்கட்டு பின்னால் மடிந்தபடியே இருந்து கடைசியில் தானாக அவிழும். டவுன்ஸ்விங்கில் வலது கை செய்வதும் அதுதான். லேக் இப்படித்தான் வருகிறது: இடுப்பு, மார்பு, கைகள், கடைசியாகக் கிளப் என்று வரிசையாகத் திரும்பும்போது தானாக உண்டாகி, தானாக விடுபடுகிறது. நல்ல ஆட்டக்காரர்களின் கைகள் பந்துக்குச் சற்று முன் வேகம் குறைகின்றன. அந்த வேகம் கிளப்புக்குப் போகிறது. பிடித்து வைத்தால் அது நடக்காது.

அடிப்புள்ளியைப் பார்க்க, பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) பிளாஸ்டிக் மேட்டில், அதாவது விரிப்பில், அடிப்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம். தரையில் முன்கூட்டியே குத்தினாலும் மேட்டில் கிளப் வழுக்கிக்கொண்டு பந்தைத் தொட்டுவிடும், தவறு தெரியாது. அடிப்புள்ளி பந்துக்கு முன்னால் போய்விட்டால் முழங்கை மடங்க வேண்டிய தேவையே இராது. அப்புறம் இடது அக்குளில் கையுறையைச் செருகி, விழாமல் சின்ன ஸ்விங் செய்து பாருங்கள்; கைகள் தனியாக ஓடாமல் மார்போடு சேர்ந்து திரும்பும்.

வீடியோ எடுக்கும் முறையையும் மாற்றுங்கள். மொபைலில் நொடிக்கு 240 பிரேம் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். கேமரா உங்கள் நெஞ்சுக்கு நேர் எதிரே, கைகளின் உயரத்தில் இருக்கட்டும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் ஷாஃப்டின் சாய்வு பொய்யாகத் தெரியும். நிற்கும் நிலையில் ஒரு படம், அடிக்கும் கணத்தில் ஒரு படம், இரண்டையும் ஒப்பிடுங்கள். நிற்கும்போது இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் கொஞ்சம் மடிந்திருப்பது இயல்பு. அடிக்கும்போது அந்த மடிப்பு அதைவிடக் குறைந்திருக்க வேண்டும், கைகள் பந்தைவிட முன்னால் இருக்க வேண்டும். முட்டிகள் அதிகம் தெரியும் கிரிப்பில் மணிக்கட்டு முழுக்க நேராகத் தெரியாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் அயர்னுக்கு. தூரமாக அடிக்கும் நீளமான கிளப்பான டிரைவரில் பந்து டீ என்ற சின்ன முளையின்மேல் இருக்கும், மேலேறும்போது அடிக்கிறோம். அங்கே கைகளை அவ்வளவு முன்னால் தள்ளத் தேவையில்லை. கிரிப்பும் முகமும் மட்டும் அதே மாதிரி இருக்கட்டும்.

வலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் தரையில் அடிக்கடி குத்துபவர்களுக்கு இடது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடியில், கிளப்பின் முனை அழுத்தும் இடத்தில், சின்ன எலும்பொன்று முறிவதுண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடவும் வாய்ப்பிருக்கிறது. அங்கே அழுத்தினால் வலித்தாலோ பிடி பலம் குறைந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு, கோல்ஃப் ஆடுபவர் என்று சொல்லியே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.