கட்டைவிரலிலிருந்து ஒரு மீட்டர்

அன்புள்ள ஐயா,

மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்கிறார்களே, உண்மையா? மகனை ‘வலது மூளை’ப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா? எல்லாமே நரம்பில் ஓடும் மின்சாரம் என்றால் மனம் எங்கே இருக்கிறது? எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். கொஞ்ச நாளாகப் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருப்பதால் மாலை நடையை விட்டுவிட்டேன். அந்த நேரத்தில்தான் இதையெல்லாம் படிக்கிறேன்.

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

பத்து சதவீதக் கதை பொய். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. வேலை செய்யாத உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது. வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நார்க்கட்டை வெட்டியிருந்தவர்களை ரோஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆராய்ந்தார். ‘வலது மூளை, இடது மூளை’ப் பேச்சு பரவியது அதிலிருந்துதான். 1981இல் நோபல் வாங்கினார். உங்கள் மகனுக்கு அந்த இணைப்பு வெட்டுப்படவில்லை. வகுப்புக்கான பணத்தை வங்கியில் போடுங்கள்.

சரி, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். என் பெரியப்பாவின் திவசம் போன வாரம்தான் முடிந்தது. அன்று முழுக்க வீட்டில் அவர் காலைப் பற்றித்தான் பேச்சு. அவரும் பஞ்சு மேல் நடந்தவர்தான். ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பியவர் கூடத்தில் நடக்க நடக்கத் தரையெல்லாம் ரத்தம். பெரியம்மா அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தார். செருப்பைத் துளைத்த ஆணி பாதத்தில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐந்து தலைமுறை வம்சாவளியைத் தப்பில்லாமல் சொல்லும் மூளை ஐயா அது!

ஆணி குத்தினால் காலை இழுத்துக்கொள்கிறோமே, அது மூளையின் உத்தரவு இல்லை. செய்தி தண்டுவடத்துக்குப் போனதும் அங்கிருந்தே தசைக்குப் பதில் வந்துவிடும். மூளைக்கு வலி தெரிவது அப்புறம்தான். பெரியப்பாவுக்குப் பாதத்திலிருந்து செய்தி கிளம்பவே இல்லை.

ஏன் பாதம்? கால் கட்டைவிரல் தோலின் செய்தியைக் கொண்டுவரும் நரம்பு செல்லின் உடல் இருப்பது இடுப்பு மட்டத்தில், முதுகெலும்பின் ஓரத்தில். அங்கிருந்து விரல் நுனிவரை சுமார் ஒரு மீட்டருக்கு, தலைமயிரைவிட மெல்லிய ஒரே இழை. அதற்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி மேலே தயாராகி, இழைக்குள்ளேயே நகர்ந்து கீழே வரவேண்டும். வேகமான சரக்கு நாளுக்கு 400 மில்லிமீட்டர்வரை வரும். இழையின் சட்டகத்துக்கான புரதமோ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். கணக்குப் போடுங்கள்: கட்டைவிரலுக்கு வந்துசேர இரண்டரை வருடத்துக்கு மேல். சர்க்கரை பல வருடம் ஏறியே கிடந்தால் இந்த இழைகளும், அவற்றுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. மிக நீளமான இழைதான் முதலில் அடிவாங்கும். அதனால்தான் மரத்துப்போவது கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. முழங்கால் மட்டத்தை எட்டும்போது கைவிரல் நுனியிலும் ஆரம்பிக்கும்.

இத்தனையும் உங்கள் காலில் நடந்துகொண்டிருக்கலாம். நீங்களோ நடையை நிறுத்திவிட்டு மூளையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்த வாரமே டாக்டரிடம் போய்ச் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், ஊசியில்லை, வலியில்லை. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவரானால் பி12 வைட்டமின் அளவையும் கேளுங்கள். அந்த மாத்திரை அதைக் குறைக்கக்கூடும், அது குறைந்தாலும் நரம்பு கெடும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். கண் சரியில்லையென்றால் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு இந்தப் பயிற்சி போதும்.

எத்தனை இடத்தில் தொட்டார்கள், எத்தனை இடத்தில் தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். மனம் எங்கே இருக்கிறது என்பதை அதற்கப்புறம் பேசலாம்.