மதீராவுக்குப் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லிஸ்பனுக்குத் தென்மேற்கே, அட்லாண்டிக்கில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போர்த்துக்கீசியத் தீவு மதீரா. மூன்று முறை போய் வந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும். நல்ல கடற்கரை எது?

மணல்தான் முக்கியம் என்றால் மதீரா உங்களுக்கு ஏற்ற இடமில்லை. எரிமலை எழுப்பிய தீவு இது. கரையில் பெரும்பாலும் கறுத்த பாறையும் கூழாங்கல்லும்தான். காலியேட்டாவில் காணும் மஞ்சள் மணல்கூட வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. பக்கத்துத் தீவான போர்ட்டோ சாண்டோவில் 9 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொன்னிற மணல் கிடக்கிறது. கப்பலில் இரண்டரை மணி நேரம். மதீராவை விட்டு நகர மனமில்லையென்றால் போர்ட்டோ மோனிஸ் போங்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளுக்கு நடுவே கடல்நீர் தானாக வந்து நிரம்பும் குளங்கள் அங்கே உண்டு. பிள்ளைகளைக் கரையேற்றுவதுதான் பெரிய பாடு.

எந்த மாதம் போகலாம்?

எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஜனவரியிலும் தலைநகர் ஃபுன்ஷாலில் பகல் வெப்பம் 19 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆகஸ்டில் 26. மழை குளிர்காலத்தில்தான் அதிகம். ஆனால் மாதத்தைவிடத் திசையைப் பாருங்கள். வடபுறம் ஈரம், தென்புறம் வெயில். காலையில் ஃபுன்ஷாலில் சட்டை நனைய வியர்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் 1,818 மீட்டர் உயரமுள்ள பிகோ டோ அரியெய்ரோவில் பல் நடுங்க நிற்பீர்கள். கம்பளிச் சட்டை கையோடு இருக்கட்டும்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. லெவாடா ஓரம் நடக்க முடியுமா?

முடியும்; அவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். லெவாடா என்பது வாய்க்கால். வடக்கு மலைகளில் மேகம் வந்து மரங்களில் மோதும்போது, இலைகள் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. லாரிசில்வா என்னும் அந்தப் பழங்காடு 1999 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். காடு சேர்க்கும் தண்ணீரைக் காய்ந்த தெற்குச் சரிவின் வாழைக்கும் திராட்சைக்கும் கொண்டுவர, பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து மனிதர்கள் பாறையைக் குடைந்து இந்த வாய்க்கால்களை வெட்டினார்கள். மொத்த நீளம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பள்ளத்தாக்குக்கு மேலே கயிற்றில் தொங்கியபடி வெட்டியவர்களும் உண்டு. அதனால்தான் அந்தத் தண்ணீரில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

தண்ணீர் மெல்லிய சரிவில் ஓடுவதால் அதன் ஓரப் பாதையும் பெரும்பாலும் சமதளமே. அம்மாவுக்கு ரிபெய்ரோ ஃப்ரியோவிலிருந்து பல்கோய்ஸ் வரை போதும்; போக ஒன்றரை கிலோமீட்டர், திரும்ப அவ்வளவே. முடிவில் பள்ளத்தாக்கை நோக்கி ஒரு மாடம். அங்கே கையை நீட்டி அசையாமல் நில்லுங்கள். சின்னஞ்சிறு குருவி ஒன்று விரல் நுனியில் வந்து உட்காரும். எடையே தெரியாது, நகம் மட்டும் லேசாகக் கீறும்.

கால் வலுவுள்ள நீங்கள் தனியாகக் கல்தெய்ராவ் வெர்டே என்ற லெவாடாப் பாதைக்குப் போகலாம். அங்கே சில இடங்களில் பாதை ஓரடி அகலம்தான், ஒரு பக்கம் அதலபாதாளம். குகைப்பாதைகளுக்கு டார்ச் விளக்கு வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கிளம்பும் அன்றே பார்த்துவிடுங்கள். மண்சரிவுக்குப் பின் அடிக்கடி மூடுவார்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு கலந்த மாவைத் தட்டிக் கல்லில் சுடும் 'போலோ டோ காக்கோ' ரொட்டி, சுடச்சுட, பூண்டு வெண்ணெய் உருக உருக வரும். ஃபுன்ஷால் சந்தையில் பேஷன் பழத்திலேயே பல வகை. விலை கேட்டுவிட்டு எடை போடச் சொல்லுங்கள். உள்ளூர் வாழைப்பழம் சிறியது, நல்ல தித்திப்பு. சூப் மட்டும் கேட்டுக் குடியுங்கள். கீரை சூப்பிலும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும்.

மதீரா ஒயினில் என்ன விசேஷம்?

மற்ற ஒயினைச் சூடு கெடுக்கும். இதைச் சூடுதான் ஆக்குகிறது. வெப்பக் கடல்களைக் கடந்த கப்பல்களில் வெந்து வந்த ஒயின் ருசி கூடியிருந்ததைக் கண்டவர்கள், பிறகு வெயில் தாக்கும் பரண்களிலேயே பீப்பாய்களை அடுக்கினார்கள். நம் 'பீப்பாய்' என்ற சொல்லே போர்த்துக்கீசிய 'பீப்பா'விலிருந்து வந்ததுதான். உணவுக்கு முன் என்றால் செர்சியல், இனிப்போடு என்றால் மல்வாசியா.

விமானம் இறங்குவது ஆபத்து என்கிறார்களே?

பயப்பட வேண்டாம். ஓடுதளத்தின் ஒரு பகுதி கடலோரத் தூண்கள்மேல் நிற்கிறது. பலமான குறுக்குக் காற்று வீசும். காற்று மிஞ்சினால் விமானி இறங்காமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கும் லிஸ்பனில் பிடிக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும்.