குழந்தைகள் மருத்துவமனையின் திசு வங்கியை யார் நடத்துகிறார்கள்?

நோயாளிகளின் திசு மாதிரிகளை ஆய்வுக்காகச் சேமித்து வைக்கும் இந்த வங்கியின் பொறுப்பு தலைமை நோயியல் மருத்துவருடையது. வேலை ஓடுவது தொழில்நுட்பர்களால்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரிலுள்ள நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பல மருத்துவமனைகளிலிருந்து குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்கான மாதிரிகள் அங்கே வந்து சேர்கின்றன. பார்சலைத் திறப்பவர் முதலில் பார்ப்பது, மாதிரியை உறைநிலையில் காக்கும் உலர்பனி மிச்சமிருக்கிறதா, குப்பியின் லேபிளும் படிவமும் ஒத்துப்போகின்றனவா என்பதை. அடுத்தவர் திசுவியல் தொழில்நுட்பர். மெழுகில் பதித்த திசுவை 4, 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்துவார். ஊசி வழியாக எடுத்த குழந்தையின் திசு நூல் தடிமன்தான் இருக்கும். ஒரு சீவல் கிழிந்தாலும் நட்டம். என் பார்வையில் இவர்தான் உண்மையான கைவினைஞர். உறைந்த திசுவை மைனஸ் 80 டிகிரியில் காப்பவர்களும் உண்டு. மாதிரியை ஆய்வுக்குப் பயன்படுத்த ஒப்புதல் வாங்கும் ஒருங்கிணைப்பாளரின் வேலை பெற்றோர் கையெழுத்தோடு முடிவதில்லை: குழந்தைக்கு 18 வயதானதும், பொதுவாக அவரிடமே மறுபடி கேட்க வேண்டும்.